துஷாந்தன் ஓடின கார்

என் மனைவி சயந்தினியின் தம்பி துஷாந்தன் பதினெட்டு வருடம் லண்டனில் பஸ் ஓடினவன். இப்போது ஓடுவதில்லை. முந்தின வருடம் மாசி மாதம், கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்தி, ஆட்கள் எல்லோரும் இறங்கி முடிந்து, எஞ்சினையும் அணைத்த பிறகு, சீட்டில் இருந்தபடியே அவனுக்கு வலிப்பு வந்தது. கண் விழித்தபோது ஆம்புலன்சில் கிடந்தான். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் பஸ் லைசன்ஸ் போய்விட்டது. காரும் ஒரு வருடத்துக்குத் தொடக்கூடாது என்று கடிதம் வந்தது.

அந்த ஒரு வருடமும் முடிந்தது. வலிப்பு திரும்ப வரவில்லை. கார் லைசன்ஸ் தபாலில் திரும்பி வந்தது. அவன் உறையை உடைத்துப் பார்த்தான், ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தான், வேலைக்கு நடந்து போனான். டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் அரிசி மூட்டை அடுக்குகிற வேலை. மோர்டனில் இருந்து அங்கே கிட்டத்தட்ட ஒரு மணித்தியால நடை. மழையிலும் நடந்தான். அவனுடைய மனைவி றொசாந்தி காரை அவன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் பின் சீட்டில் ஏறுவான். முன் சீட்டில்கூட இருக்கமாட்டான்.

"அவர் திரும்ப ஓடுவாரோ அண்ணை?" என்று றொசாந்தி என்னிடம் கேட்டாள். நான் நோர்பரியில் டயரும் சில்லறைக் கார் திருத்தமும் செய்கிற கடையில் வேலை செய்கிறவன். எனக்கு என்ன தெரியும்? "ஓடுவான், ஓடுவான்" என்றேன். எதையாவது சொல்லத்தானே வேண்டும்.

இந்த நிலையில்தான் அவன் அந்தக் காரை வாங்கினான்.

பழைய சாமான் விற்கிற கடை ஒன்றுக்கு நான் ஒரு மேசை பார்க்கப் போனேன். அவனும் கூட வந்தான். மேசையை நான் அளந்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், ஆள் ஒரு மூலையில் மூடி இல்லாத அட்டைப் பெட்டியோடு நிற்கிறான். பெட்டிக்குள் ரிமோட் கார். முழங்கை நீளம் இருக்கும். ரிமோட் துவக்கு மாதிரி, விரலால் இழுக்க ஒரு விசை. அதன் பக்கத்தில் சின்ன ஸ்டியரிங் சில்லு ஒன்று. அந்தச் சில்லை விரலால் இடம் வலமாகத் திருப்பிக்கொண்டே நின்றான். பேட்டரி இல்லை, ஒன்றும் அசையவில்லை. அவன் விடவில்லை. கடைக்கார அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்தா.

"டேய், உனக்கு வயசு நாப்பத்தாறு" என்றேன்.

"ஓம் அத்தான்."

"ஆருக்கு வாங்கிறாய்?"

"தெரியேல்லை அத்தான்" என்றான். வாங்கிவிட்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துக் கழற்றினோம். நான் கார் வேலை தெரிந்தவன் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் ஆணியிலேயே என் ஸ்க்ரூட்ரைவர் வழுக்கியது. பார்த்தால் சாதாரண நட்சத்திர ஆணி. ஆனால் பிடிக்கிறது இல்லை. இரண்டு ஆணியின் தலையைச் சாப்பிட்ட பிறகு விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது ஜப்பான் ஆணியாம், அதற்கு வேறு நுனி உள்ள டிரைவர் வேண்டுமாம். ஆணியிலும் நாடு பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

உள்ளே பார்த்தால் எல்லாம் மலிவு. நாலு சில்லும் சுற்றுகிற இடத்தில் பேரிங் இல்லை, வெறும் பிளாஸ்டிக் வளையம். ஷாக் என்று இருந்ததில் எண்ணெய் இல்லை, பேனாவுக்குள் இருக்கிறது போல ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். டயர் பித்தவெடிப்புக் குதிக்கால் மாதிரி வெடித்துக் கிடந்தது. "உந்தக் காரை எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கு" என்றேன். கேட்கவில்லை. வேலை முடிந்து வந்தால் மேசை, மேசையில் கார். பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்சக்கரமாகத் தேய்த்தான். பிளாஸ்டிக் வளையங்களைக் கழற்றி எறிந்துவிட்டுச் சின்னச் சின்ன பேரிங் போட்டான். எண்ணெய் ஷாக் வரவழைத்தான். நாலிலும் காற்றுக் குமிழி போகும்வரை பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு வருடமாக ஒரு இடத்தில் பத்து நிமிடம் இருக்காத மனிதன்.

பிறகு மோட்டர் வந்தது. பெட்டியை நான்தான் திறந்தேன். நான் முப்பது வருடம் ஸ்டார்ட்டர் மோட்டருக்குக் காபன் பிரஷ் மாற்றினவன். மோட்டர் என்றால் முதலில் பிரஷ்ஷைத்தான் பார்ப்பேன். இதில் பிரஷ் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், போடுகிற இடம்கூட இல்லை. போதாததற்கு வயர் மூன்று. எனக்குத் தெரிந்த மின்சாரத்துக்கு வயர் இரண்டு. பெட்டியில் படித்தால் வெட்கமில்லாமல் அவர்களே எழுதியிருக்கிறார்கள், பிரஷ்லெஸ் என்று. பிரஷ் போடாத குறைச் சாமானை இவனுடைய தலையில் கட்டிவிட்டார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி பொதி செய்து, டேப் ஒட்டி, தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அவன் வேலையால் வந்து கேட்டான். சொன்னேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். கதிரையில் இருந்து வழுக்கி நிலத்தில் இருந்து சிரித்தான்.

"அத்தான், பிரஷ் இல்லாததுதான் அதின்ரை திறமே. கூட விலை குடுத்து வாங்கினது!"

"இல்லாததுக்கு ஏன்டா கூட விலை?"

அதற்கு அவனாலும் பதில் சொல்ல முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. றொசாந்தி படியில் நின்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சிரித்து ஒரு வருடத்துக்கு மேலே. நான் முட்டாளானது பரவாயில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். மோட்டரைத் திரும்ப வரவழைக்க இரண்டு கிழமை எடுத்தது.

காரின் மேல்கூட்டுக்குப் பெயிண்ட் அடித்ததும் நான்தான். கடையில் கார்க் கதவுக்கு அடிக்கிறதுபோல வெளிப்பக்கம் வடிவாக அடித்தேன். அது கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக், அதற்கு உள்பக்கம் அடிக்க வேண்டுமாம். அதை விடுவோம்.

முதல் ஓட்டம் மோர்டனில் ஒரு வெறும் கார் பார்க்கில். ஞாயிறு காலை. ரிமோட்டைத் துஷாந்தன் என் கையில் தந்தான். "நீங்கள் பிடியுங்கோ, நான் பாக்கிறன்." நான் இடப்பக்கம் திருப்ப, கார் வலப்பக்கம் போனது. முன்னுக்கு விட, பின்னுக்கு வந்து என் கணுக்காலில் அடித்தது. நான் கத்தின கத்தலில் நாய் கொண்டுவந்த ஒருவர் நின்றுவிட்டார்.

"தமிழா?" என்றார்.

அப்படித்தான் வாசுதேவன் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், நோர்பரியில் இருக்கிறார், வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. நாயை என்னிடம் பிடிக்கத் தந்துவிட்டுக் காரைக் கவிழ்த்துப் பார்த்தார். மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொளுவினார். ரிமோட்டில் ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினார். கார் சொன்னபடி கேட்டது.

"சூப்பர் கண்டிஷன்ல வெச்சிருக்கீங்க ப்ரதர். இருபத்தஞ்சு வருஷ மாடல் இது. எங்க கிளப்புக்கு வாங்க. ஸ்கூல் ஹால்ல கார்பெட் போட்டு, மேடை மேல நின்னு ரேஸ் விடுறோம், ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"ஆறுதலா வாறம்" என்றான் துஷாந்தன்.

"யாருக்கு ஆறுதல்?" என்றார் வாசுதேவன், முகம் மாறி.

அவசரமில்லாமல் வருவோம் என்று சொன்னான் என நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இப்படித்தான். அவர் பேசினால் எங்களுக்கு முக்கால்வாசி, நாங்கள் கதைத்தால் அவருக்கு அரைவாசி. இருந்தாலும் நல்ல மனிதர். சனிக்கிழமைகளில் வந்து இருந்து, பழைய பிளாஸ்டிக் பல்சக்கரம் புது மோட்டருக்குத் தாங்காமல் உதிர்ந்தபோது இரும்புச் சக்கரம் கொண்டுவந்து போட்டார். தன் சார்ஜர் ஒன்றையும் இரவல் தந்தார். ஒரு நாள் துஷாந்தன் தானாகவே அவரிடம் வலிப்பைப் பற்றிச் சொன்னான். எங்களிடம்கூட அவன் அதைப் பற்றிக் கதைத்தது இல்லை.

ஆனால் ஒன்று. இந்த மாதங்களில் அவன் ஒரு தரம்கூட ரிமோட்டைப் பிடித்து அந்தக் காரை ஓடவில்லை. செய்வான், துடைப்பான், இறுக்குவான். ஓடுகிற நேரம் வந்தால் ரிமோட் என் கையில், இல்லையென்றால் வாசுதேவன் கையில். பொம்மைக் கார்! எனக்கு விளங்கவே இல்லை.

கடைசியில் அவன் கிளப்பில் பெயர் கொடுத்தான். வருகிற ஞாயிறு, தன் பெயரில், தானே ஓடுவதாக. றொசாந்தி எனக்குக் கடைக்கு ஃபோன் எடுத்தாள். "அண்ணை, உந்தக் காரை ஓடினார் எண்டால் பிறகு எங்கடை காரையும் எடுப்பார். எனக்கு மனம் சொல்லுது." நான் ஒரு லாரி டயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை பின்னேரம் நாங்கள் மேசையில் இருந்தபோது வாசுதேவனின் ஃபோன் வந்தது. துஷாந்தனின் கையெல்லாம் எண்ணெய், அதனால் ஸ்பீக்கரில் போட்டான்.

"ப்ரதர், ஞாயித்துக்கிழமை நீங்க ஓட வேண்டாம். கிளப்ல பேசிட்டேன், உங்க உடம்பு விஷயத்தையும் சொல்லிட்டேன். அவங்களும் வேண்டாம்னுட்டாங்க. உங்களுக்குப் பதிலா நான் ஓடறேன். சரிதானே?"

துஷாந்தன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "ஓம். சரி" என்றான். ஃபோனை வைத்தான். காரைத் தூக்கி ஒரு கடைப் பையில் போட்டான். ரிமோட்டையும் போட்டான். பையை என் கையில் தந்தான்.

"குப்பையிலை போடுங்கோ அத்தான்."

"டேய்..."

"நான் படுக்கப் போறன்."

ஆறு மணி. வெளியே நல்ல வெயில்.

எனக்குத் தலை சுற்றியது. கூப்பிட்டவரும் இவர், வேண்டாம் என்கிறவரும் இவர். அதுவும் இவன் நம்பிச் சொன்ன வலிப்பு வருத்தத்தை ஊரெல்லாம் சொல்லி, இவன் மாதக்கணக்கில் திருத்தின காரைத் தான் ஓடப் போகிறாராம்! பையை என் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு நேரே நோர்பரிக்குப் போனேன். கதவைத் திறந்த வாசுதேவன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அவனை ஓட வேண்டாம் எண்டு சொல்ல நீங்கள் ஆர்?"

"அண்ணே, உள்ள வாங்க. என்ன ஆச்சு?"

"ஏன் சொன்னனீங்கள் எண்டு கேக்கிறன்!"

"அவர் உடம்புக்காகத்தான் சொன்னேன். காருங்க அவ்வளவு ஸ்பீடா வரும். நடுவுல குனிஞ்சு நிமிர்ந்து ஓடி, தலை சுத்தி விழுந்துட்டா?"

"அவன் ஏன் நடுவிலை ஓடுறான்? மேடையிலை நிண்டெல்லோ ஓடுறது?"

"மேடைல நின்னு எப்படிண்ணே ஓடுவாங்க?"

"ரிமோட்டாலை!"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒருவருக்கு மற்றவர் பைத்தியமோ என்ற சந்தேகம். உள்ளே இருந்து அவருடைய மனைவி ஹம்சா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா.

"ஏங்க, இவங்க ஊர்ல ஓட்டறதைத்தான் ஓடறதுன்னு சொல்வாங்க. எங்க ஆபீஸ்ல இவங்க ஊர்க்காரங்க, தவநாயகி அக்கா, 'என்ரை மகன் இப்ப நல்லாக் கார் ஓடுறான்'னு சொன்னாங்க. நான், எதுக்குங்க கார் பின்னாடி ஓடறான்னு கேட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை."

வாசுதேவன் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். பிறகு ஆறுதலாக, எங்கள் ஆறுதலாக, விளக்கினார். அந்தக் கிளப்பில் ஒரு ரேஸ் நடக்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஆள் நிற்க வேண்டும். கார் கவிழ்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்திவிட வேண்டும். ஒரு ரேஸ் முடித்தவர்கள் அடுத்த ரேஸுக்கு அப்படி நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காலால் ஓடுகிற வேலைதான் துஷாந்தனுக்கு வேண்டாம் என்று அவர் கேட்டு வாங்கியிருந்தார்.

"காரை அவர்தாண்ணே ஓட்டணும். அவர் ஓட்டாம வேற யாரு ஓட்டுவாங்க?"

எங்களுக்குப் பஸ்ஸும் ஓடும், பஸ்காரனும் ஓடுவான். நாற்பது வருடம் இதில் ஒரு குழப்பமும் இல்லாமல் இருந்தேன். அன்றைக்கு வீடு திரும்பும்போது, நான் இப்போது கார் ஓடுகிறேனா ஓட்டுகிறேனா என்று யோசித்ததில் ஒரு திருப்பத்தையே விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் துஷாந்தனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான், எழும்பிக் காரைத் தேடுவான் என்று நினைத்தேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"எனக்கு விளங்கினது பிழை எண்டால், பிழையாவே இருக்கட்டும் அத்தான்."

"என்னடா சொல்லுறாய்?"

"நீ ஓட வேண்டாம் எண்டு அவர் சொன்ன உடனை எனக்கு அழுகை வந்தது. பேந்து போய்ப் படுத்தன். நல்ல நித்திரை. ஒரு வருசமா இல்லாத நித்திரை. எப்ப ஓடுவாய் எண்டு இனி ஒருத்தரும் கேக்க மாட்டினமெல்லோ." கோப்பையைத் தள்ளி வைத்தான். "அண்டைக்குப் பஸ்ஸிலை முப்பது பேர் வந்தவை. ஒரு பிள்ளைத்தள்ளுவண்டில். கடைசித் தரிப்புக்கு முதல் ஒரு இறக்கம் இருக்கு, அத்தான். வலிப்பு நாலு நிமிசம் முந்தி வந்திருந்தால்? எந்த ஸ்டியரிங்கைத் தொட்டாலும் எனக்கு அந்த நாலு நிமிசம்தான். உந்தச் சின்னச் சில்லிலையும்."

ஓட வேண்டும் என்பதற்காகத்தானே காரைத் திருத்தினான்? ஓட வேண்டாம் என்றதும் நித்திரை வருகிறதாம். இரண்டில் எது அவன்? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவனே வந்து கதவைத் தட்டினான். வாசுதேவனின் சார்ஜர் கையில். "உதைக் குடுத்திட்டு வருவம். இரவல் சாமான்." கிளப் ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெரிய பள்ளிக்கூட ஹால். சாம்பல் கார்பெட்டில் ஓடுபாதை வளைந்து வளைந்து போனது. ஒரு பக்கம் பலகை மேடை, அதில் ரிமோட்டோடு ஆட்கள். கார்கள் ஈ மாதிரி இரைந்துகொண்டு பறந்தன. வாசுதேவன் எங்களைக் கண்டதும் ஓடிவந்து துஷாந்தனின் இரண்டு கையையும் பிடித்தார். அவன் சார்ஜரை நீட்டினான். அதற்கிடையில் ஒலிபெருக்கியில் யாரோ ஆங்கிலத்தில் கத்தினார்கள். அடுத்த ரேஸுக்கு ஒரு வளைவில் ஆள் இல்லையாம், ஆள் இல்லாமல் தொடங்க முடியாதாம்.

துஷாந்தன் என்னைப் பார்த்தான். சார்ஜரை என் கையில் தந்துவிட்டுப் போய் அந்த வளைவில் நின்றான்.

"அண்ணே, அதுதானே வேண்டாம்னு சொன்னேன்!" என்றார் வாசுதேவன்.

"என்னட்டை ஒண்டும் கேக்காதேங்கோ" என்றேன்.

ஐந்து நிமிடம். அவனுடைய வளைவில்தான் அதிகம் விழுந்தது. ஒரு கார் வேலியில் அடித்து மூன்று தரம் புரண்டது. ஓடிப்போய் எடுத்தான், நிமிர்த்தி வைத்தான், அது பறந்தது. இரண்டு கார் மோதின. எடுத்தான், வைத்தான். மேடையில் ஒருவன் பெரிதாகத் திட்டினான், அடுத்த வளைவில் அவனே சிரித்தான். துஷாந்தன் ஏழோ எட்டோ தரம் ஓடியிருப்பான். வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

"கார் எங்கை?"

"குப்பையிலை போடச் சொன்னனியே."

"போட்டனீங்களோ?"

"டிக்கியிலை கிடக்கு."

"பேட்டரி?"

வாசுதேவன் ஏற்கெனவே பேட்டரியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார்.

அவன் மேடையில் ஏறினான். எட்டுப் பேர் வரிசையில் அவன் கரையில். சத்தம் வந்ததும் ஏழு கார் பறந்தது. அவனுடைய கார் அசையவில்லை. பிறகு மெல்ல வெளிக்கிட்டது. அந்த மோட்டர், அந்த பேரிங், அந்த எண்ணெய் ஷாக், எல்லாம் போட்டு மனிதன் நடக்கிற வேகத்தில் போகிறது. வளைவில் திரும்பினால் உள்ளே தண்ணீர்க் கோப்பை வைத்தாலும் சிந்தாது. பக்கத்தால் மற்றக் கார்கள் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று போயின. ஒரு சுற்று முடித்தான். இரண்டு. மூன்றாவதில் கொஞ்சம் விசை கொடுத்தான். நான்காவதில் பின்னால் வந்த ஒரு கார் அவனை இடித்தது. கார் தலைகீழாகக் கிடந்து சில்லுகளைச் சுற்றியது.

வளைவில் நின்ற பெண் ஓடிவந்து நிமிர்த்தி வைத்தாள். கார் போகவில்லை.

மேடையைப் பார்த்தேன். துஷாந்தன் அசையாமல் நிற்கிறான். கண் ஒரே இடத்தில் குத்திப்போய் நிற்கிறது. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. ரிமோட்டைப் பிடித்த கை கல்லு மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். சயந்தினிக்கு என்ன சொல்வேன், றொசாந்திக்கு என்ன சொல்வேன்? ஆட்களை இடித்துக்கொண்டு மேடையில் ஏறி அவனுடைய தோளைப் பிடித்தேன்.

"துஷா! டேய், துஷா!"

அவன் திரும்பவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

"கத்தாதேங்கோ அத்தான். பின்னாலை மூண்டு கார் வருகுது. அதுகளை விட்டிட்டு எடுக்கிறன்."

மூன்று காரும் போயின. பின்னால் வேறொன்றும் வரவில்லை என்று பார்த்தான். எடுத்தான்.